படத்துக்குப் பொருந்தும் சிலை

இந்தப் படத்தில் இருப்பதும் அந்தப் படத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்ற கேள்வி, கணினிப் பார்வைக்கும் மனிதப் பார்வை பற்றிய ஆய்வுக்கும் பொதுவானது. இதற்கு விடை காணும் கணக்கு முறைகளைப் பொருத்தல் மாதிரிகள் என்பார்கள். கேள்வி ஒன்றாகத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முதலாவது வகை பற்றியது: இது நடராஜரா, சோமாஸ்கந்தரா? இரண்டாவது தனிப்பொருள் பற்றியது: நடராஜர் என்றால் எந்த ஊர்க் கோயில் நடராஜர்? மூன்றாவது இடம் பற்றியது: ஒரு படத்தில் இங்கே தெரியும் விரல் நுனி மற்றொரு படத்தில் எங்கே தெரிகிறது? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் இரண்டாவதற்கு நம்பத்தக்க விடை சொல்ல முடியும். முதலாவதற்குக் கிடைக்கும் விடையோ இரண்டாவதற்குப் பெரிதாக உதவுவதில்லை. பல சமயம் கண்ணை மறைக்கவும் செய்கிறது.

இந்த வேறுபாட்டின் அருமை நன்றாக விளங்கும் இடம் புதுச்சேரி. அங்கே கடற்கரையை ஒட்டிய செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் காட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் சேர்ந்திருக்கின்றன. களவுபோன திருமேனிகள் பலவற்றை அடையாளம் காட்டியவை இந்தப் படங்களே.

புதுச்சேரித் தொகுப்பு

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில், இந்தியவியல் அறிஞர் ழான் ஃபிலியோசா தலைமையில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. 1956 முதல் அந்த நிறுவனமும், அதே ஊரில் ஒரு மையம் வைத்திருக்கும் தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் கோயில் கோயிலாகப் படமெடுக்கும் பணியை நடத்தின. கட்டடக் கலை, படிமவியல் ஆகியவற்றைப் படிப்பதற்காக எடுக்கப்பட்ட படங்கள் அவை. எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் திருமேனி என்ற குறிப்பும் உடன் பதிவானது. திருட்டைத் தடுப்பது யாருடைய நோக்கமாகவும் இருக்கவில்லை. ஆனால் ஆய்வுக்காக எடுத்ததாலேயே படங்கள் தெளிவாகவும் ஒழுங்காகவும் அமைந்தன. பக்தர் எடுக்கும் படத்தில் பட்டும் மாலையும் மறைத்துவிடும் உடலமைப்பு, இந்தப் படங்கள் பலவற்றில் மறைவில்லாமல் தெரிகிறது.

தரங்கம்பாடிக்கு அருகே ஆனந்தமங்கலத்தில் உள்ள ராஜகோபாலசுவாமி கோயிலின் ராமர், லட்சுமணர், சீதை செப்புத் திருமேனிகளை 1958இல் இந்தக் குழு படமெடுத்தது. 1978 நவம்பரில் அவை களவு போயின. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு லண்டன் கலைச்சந்தையின் இணையப் படம் ஒன்றில் தெரிந்த ராமரை, சிலை மீட்பு ஆர்வலர்கள் 1958ஆம் ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டார்கள். 2020 செப்டம்பரில் மூன்று திருமேனிகளும் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. விருத்தாசலம் கோயிலின் கோஷ்டத்திலிருந்த கல் அர்த்தநாரீஸ்வரரை சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் வாங்கியிருந்தது. இரண்டும் களவுபோனவை. இரண்டு வழக்குகளிலும் புதுச்சேரிப் படங்கள் முக்கியச் சான்றாயின. 2014 செப்டம்பரில் இரண்டையும் ஆஸ்திரேலியா திருப்பித் தந்தது.

இந்த ஒப்பீடுகளைச் செய்தவை பெரும்பாலும் பழகிய மனிதக் கண்கள். அந்தக் கண்கள் எதைப் பார்த்தன, அதே வேலையை ஒரு கணக்கு முறை எப்படிச் செய்யும் என்பது பார்வை அறிவியலின் மையத்துக்கே கொண்டுசெல்லும் கேள்வி.

இலக்கணமும் வடுவும்

சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் உருவானவை. முதலில் மெழுகில் முழு உருவமும் செய்யப்படும். அதன்மேல் வண்டல் மண் பூசிக் கருவைக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுவார்கள். உள்ளே பிறந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் ஊற்றப்படும். ஆறியபின் மண்கருவை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள். மெழுகும் போயிற்று, கருவும் போயிற்று. ஆகவே ஒரு வார்ப்புக்கு ஒரு சிலைதான். அச்செடுத்தாற்போல் இரண்டாவது சிலை வருவதில்லை.

இதற்கு எதிர்த்திசையில் இழுப்பது சிற்ப சாத்திரம். நடராஜருக்கு நான்கு கைகள். பின்கைகளில் உடுக்கையும் தீயும். முன் வலக்கை அபயம் காட்டும், முன் இடக்கை உடலுக்குக் குறுக்கே நீளும். வலக்கால் முயலகன்மேல் ஊன்ற, இடக்கால் தூக்கியிருக்கும். சுற்றிலும் சுடர்கள் வரிசையிட்ட திருவாசி. முகம் இத்தனை அளவு, மார்பு இத்தனை அளவு என்று தாள அளவுகள் வேறு. எல்லா ஸ்தபதிகளும் ஒரே இலக்கணத்தைப் பின்பற்றியதால் எல்லா நடராஜர்களும் ஒருவரையொருவர் ஒத்திருக்கிறார்கள்.

ஆக, ஒவ்வொரு திருமேனியிலும் இருவகைத் தகவல் இருக்கிறது. ஒன்று, இலக்கணம் விதித்தது. அது தெய்வம் எது என்று சொல்லும். மற்றொன்று, இலக்கணத்தில் இல்லாதது: வார்ப்பில் விழுந்த சிறு குழி, உளி சற்றே வழுக்கிய கோடு, ஒடிந்த சுடர், வளைந்த விரல், பீடத்தில் ஒரு வெட்டு, பல தலைமுறை அபிஷேகத்தில் தேய்ந்த மூக்கு. சிலை எது என்று சொல்வது இந்த இரண்டாவது வகைதான். ஸ்தபதி வேண்டிச் செய்தவை பொதுவானவை, வேண்டாமல் நேர்ந்தவை தனித்தவை. பொருத்தல் கோட்பாடு முழுவதற்கும் அடிப்படை இந்த வேறுபாடு. ஒரு கூறு எவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போகிறது என்பதைவிட, அது வேறு எவற்றோடெல்லாம் ஒத்துப்போகிறது என்பதே அதன் எடையைத் தீர்மானிக்கிறது.

உளவியலில் இதற்கு ஒரு தெளிவான மாதிரி தந்தவர் ஆமோஸ் ட்வெர்ஸ்கி. இரண்டு பொருள்களுக்கு இடையிலுள்ள ஒப்புமையை ஒரு வரைபடத்தின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவேயுள்ள தூரம்போல் அளப்பது அதுவரை வழக்கம். 1977இல் அவர் அதை மாற்றினார். ஒவ்வொரு பொருளும் கூறுகளின் தொகுப்பு. இரண்டுக்கும் பொதுவான கூறுகளுக்கு ஒரு மதிப்பு. முதலாவதில் மட்டும் உள்ளவற்றுக்கு ஒரு கழிவு. இரண்டாவதில் மட்டும் உள்ளவற்றுக்கு வேறொரு கழிவு. கூட்டிக் கழித்து மிஞ்சுவது ஒப்புமை. இரண்டு கழிவுகளின் எடை சமமாக இருக்கத் தேவையில்லை என்பது இந்த மாதிரியின் நுட்பம். சிலைப் பொருத்தலுக்கு இது அப்படியே பொருந்தும். 1958ஆம் ஆண்டுப் படத்தில் இல்லாத ஒரு முறிவு இன்றைய சிலையில் இருந்தால் பெரிய தடையில்லை. திருடியவர்கள் பெயர்த்தபோது நேர்ந்திருக்கலாம். பழைய படத்தில் இருந்த முறிவு இன்றைய சிலையில் காணோம் என்றால் நிலைமை வேறு. ஒன்று, பழுது பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் இது அந்தச் சிலை அன்று. காலம் ஒரு திசையில்தான் ஓடுகிறது என்பதால் கழிவுகளின் எடை மாறுபடுகிறது.

கூறின் எடை சூழலைப் பொறுத்தது என்றும் ட்வெர்ஸ்கி காட்டினார். பலவகைத் தெய்வங்கள் கலந்த கூட்டத்தில் ‘கால் தூக்கியிருக்கிறது’ என்பது வலுவான அடையாளம். நடராஜர்கள் மட்டுமே நிற்கும் வரிசையில் அதற்கு எந்தப் பயனும் இல்லை. அதே வரிசையில் வலக்காலைத் தூக்கிய நடராஜர் ஒருவர் இருந்தால், மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடும் மூர்த்தம் அது என்று உடனே தெரிந்துவிடும்.

கண் பார்க்கும் விதம்

மூளை இந்தக் கூறுகளை எப்படிப் பிரித்தெடுக்கிறது? 1959 முதல் டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் பார்வைப் புறணியில் செய்த சோதனைகளில், சில நரம்பணுக்கள் குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்கு மட்டுமே துடிப்பதைக் கண்டார்கள். செங்குத்துக் கோட்டுக்கு ஓர் அணு, சாய்கோட்டுக்கு வேறோர் அணு. காட்சி மூளைக்குள் நுழைந்ததும் விளிம்புகளாகவும் திசைகளாகவும் பிரிகிறது என்பதற்கு இது முதல் நேரடிச் சான்று. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பிரிந்த கூறுகள் மறுபடி ஒன்றுசேர வேண்டும் அல்லவா? ஆன் ட்ரீஸ்மனும் கேரி ஜெலேடும் 1980இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, நிறம், சாய்வு போன்ற தனிக் கூறுகள் பார்வைப் பரப்பு முழுவதும் ஒரே சமயத்தில் பதிவாகின்றன. பச்சைக் கூட்டத்தில் ஒரு சிவப்பு தானாகக் கண்ணில் படும். இரண்டு கூறுகளின் சேர்க்கையைத் தேட வேண்டுமானால் கவனம் ஒவ்வோர் இடமாக நகர வேண்டும். வார இதழ்களில் வரும் ‘ஆறு வித்தியாசங்கள்’ புதிரில் நான்கு சட்டென்று அகப்பட்டு, மீதி இரண்டு கால் மணி நேரம் தண்ணி காட்டுவது இதனால்தான். ரொனால்ட் ரென்சிங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997இல் இதை இன்னும் கூர்மையாகக் காட்டினார்கள். இரண்டு படங்களை நடுவே ஒரு வெற்றுத்திரை இட்டு மாற்றி மாற்றிக் காட்டினால், பெரிய மாற்றம்கூட வெகுநேரம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. கவனம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஒப்பீடு நடக்கிறது.

பழகிய ஆய்வாளரின் திறமை இங்கேதான் இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சிவபுரம் நடராஜர் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த அந்தத் திருமேனி, பழுது பார்க்கக் கொடுக்கப்பட்ட இடத்தில் நகலெடுக்கப்பட்டது. நகல் கோயிலுக்குத் திரும்பியது. அசல் விற்பனைக்குப் போனது. கோயிலில் கும்பிட்டவர்களுக்கு ஐயம் எழவில்லை. இலக்கணக் கூறுகள் எல்லாமே பொருந்தியிருந்தன. கோயிலில் இருப்பது நகல் என்று 1965இல் எழுதியவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட். அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் வசம் சேர்ந்திருந்த அசல், நீண்ட வழக்குக்குப் பிறகு 1980களில் இந்தியா திரும்பியது.

புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தல்

கணினிக்கு ஒரு படம் என்பது ஒளியளவுகளைக் குறிக்கும் எண்களின் அடுக்கு. இரண்டு படங்களின் எண்களை ஒன்றுக்கு ஒன்று கழித்துப் பார்ப்பது முதலில் தோன்றும் வழி. அது உடனே தோற்றுவிடும். கேமரா ஓரடி நகர்ந்தாலோ, விளக்கு இடம் மாறினாலோ, படம் பெரிதானாலோ எல்லா எண்களும் மாறிவிடும். எனவே முழுப் படத்தையும் ஒப்பிடாமல், இரண்டு படங்களிலும் மறுபடி கண்டுபிடிக்கத்தக்க சில புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தப் புள்ளிகள்?

ஸ்டான்ஃபோர்டில் தானாக ஓடும் வண்டியொன்றுக்குப் பார்வை கொடுக்க முயன்ற ஹான்ஸ் மொராவெக் 1970களின் பிற்பகுதியில் சொன்ன விடை இன்றும் அழகு குன்றாதது. படத்தில் ஒரு சிறு சதுரத்தை எடுத்து இப்படியும் அப்படியும் சற்றே நகர்த்த வேண்டும். வெறும் சுவரில் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அதே காட்சிதான். கதவு விளிம்பில் விளிம்போடு ஒட்டி நகர்த்தினால் மாற்றம் இல்லை. மூலையில் வைத்தால் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் காட்சி மாறும். தன் அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகாத சதுரமே நல்ல அடையாளப் புள்ளி. 1988இல் கிறிஸ் ஹாரிஸும் மைக் ஸ்டீஃபன்ஸும் இதற்கு நேர்த்தியான கணித வடிவம் தந்தார்கள். ‘ஹாரிஸ் மூலை’ என்ற பெயரில் அது பாடநூல்களில் நிலைத்துவிட்டது. தனித்தன்மைதான் தகவல் என்ற கருத்து இங்கே சில படப்புள்ளிகள் அகலமே உள்ள சிறு சதுரத்தின் அளவில் வேலை செய்கிறது.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லோ. 1999இல் வெளியிட்டு 2004இல் முழுமையாக விளக்கிய ‘சிஃப்ட்’ என்னும் முறை, பெரிதாக்கினாலும் சுழற்றினாலும் மாறாத கூறுகளைத் தருகிறது. படத்தைப் படிப்படியாக மங்கலாக்கி, அடுத்தடுத்த மங்கல் நிலைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, உச்சமாகத் துருத்தி நிற்கும் இடங்களைப் புள்ளிகளாக எடுப்பார்கள். எந்த மங்கல் நிலையில் துருத்தியது என்பதிலிருந்து கூறின் அளவும், சுற்றுப்புறத்தில் ஒளி எந்தத் திசையில் மாறுகிறது என்பதிலிருந்து கூறின் திசையும் கிடைக்கும். அந்த அளவுக்கும் திசைக்கும் ஏற்பச் சதுரத்தைத் திருப்பி வைத்து, அதை நான்குக்கு நான்காகப் பதினாறு கட்டங்களாக்குவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒளிமாற்றம் எட்டுத் திசைகளில் எவ்வளவு என்று கூட்டினால் பதினாறு எட்டு, 128 எண்கள். ஒரு புள்ளியின் சாதகம் அந்த 128 எண்கள். ஹியூபெலும் வீசலும் கண்ட திசை அணுக்களை இந்த அமைப்பு நினைவூட்டுவது தற்செயல் இல்லை. லோ தம் கட்டுரையில் உயிரிப் பார்வை ஆய்வுகளை வெளிப்படையாகவே துணைக்கு அழைக்கிறார்.

சிஃப்ட் முறையில் சிலைப் பொருத்தலுக்கு மிக நெருக்கமான பகுதி அதன் கடைசிப் படி. முதல் படத்தின் ஒரு புள்ளிக்கு இரண்டாம் படத்தில் மிக நெருங்கிய புள்ளியைக் கண்டுபிடித்தாயிற்று. அதை ஏற்கலாமா? நெருக்கம் எவ்வளவு என்று மட்டும் பார்த்து முடிவு செய்தால் தவறுகள் குவிகின்றன. லோ இரண்டாவது நெருக்கமான புள்ளியையும் பார்க்கச் சொன்னார். முதலாவதன் தூரம் இரண்டாவதன் தூரத்தில் 0.8 பங்குக்கு மேல் இருந்தால், அதாவது இருவரும் ஏறத்தாழச் சமமான போட்டியாளர்கள் என்றால், அந்தப் பொருத்தத்தை விட்டுவிட வேண்டும். அவருடைய சோதனைகளில் இந்த ஒரு விதி தவறான பொருத்தங்களில் 90 விழுக்காட்டை நீக்கியது. சரியானவற்றில் இழந்தது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. போட்டியில்லாத பொருத்தத்தை மட்டுமே நம்புவது என்ற இந்த விதி, ட்வெர்ஸ்கி சொன்ன சூழல் எடையின் பொறியியல் வடிவம்.

திருவாசியில் இதைப் பொருத்திப் பார்த்தால் விளைவு வியப்பூட்டும். வரிசையாக நிற்கும் சுடர்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், எந்தச் சுடருக்கும் நெருக்கமான போட்டியாளர்கள் பலர். விகித விதி அவற்றை எல்லாம் தள்ளிவிடும். ஸ்தபதி மிகுந்த உழைப்போடு ஒழுங்காகச் செய்த பகுதி கணக்கில் வராமலே போகும். நுனி ஒடிந்த ஒரே ஒரு சுடர் இருந்தால் அதற்குப் போட்டி கிடையாது. அது நிலைத்து நிற்கும். பழகிய ஆய்வாளரின் கண் எங்கே போய் நிற்குமோ அங்கேயே கணக்கும் போய் நிற்கிறது.

வடிவியலின் சாட்சி

தனித்தனிப் புள்ளிகள் பொருந்தினால் மட்டும் போதாது. எல்லாப் பொருத்தங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். விறைப்பான ஒரு பொருளை இரண்டு இடங்களிலிருந்து படமெடுத்தால், முதல் படத்தின் ஒரு புள்ளி இரண்டாம் படத்தில் ஒரு குறிப்பிட்ட கோட்டின்மேல்தான் விழ முடியும். எட்டுப் பொருத்தங்கள் தெரிந்தால் இந்த உறவைக் கணக்கிட்டுவிடலாம் என்று 1981இல் லாங்கெட்-ஹிக்கின்ஸ் காட்டினார். நமது இரண்டு கண்களும் ஆழத்தை உணர்வதற்கு இதே புள்ளிப் பொருத்தச் சிக்கலைத் தீர்த்தாக வேண்டும். எந்த உருவமும் அடையாளம் தெரியாத வெறும் புள்ளித் தூவலிலிருந்தே மூளை ஆழத்தைக் கண்டுவிடுகிறது என்று பேலா யூலெஸ் 1960இலேயே நிறுவியிருந்தார்.

ஆனால் கையில் இருக்கும் பொருத்தங்களில் எவை சரி, எவை தவறு என்று முன்கூட்டித் தெரியாது. அதே 1981இல் மார்ட்டின் ஃபிஷ்லரும் ராபர்ட் போல்ஸும் ஒரு வழி சொன்னார்கள். அதை இங்கே கையாண்டால், குலுக்கல் முறையில் எட்டுப் பொருத்தங்களை எடுத்து உறவைக் கணக்கிட வேண்டும். மீதிப் பொருத்தங்களில் எத்தனை அதை ஆதரிக்கின்றன என்று எண்ண வேண்டும். மறுபடி வேறு எட்டு. அதிக ஆதரவு பெற்றதே முடிவு. பொருத்தங்களில் பாதி சரியாக இருந்தால், எட்டும் சரியாக அமையும் வாய்ப்பு 256இல் ஒன்று. ஏறத்தாழ 1,180 முறை குலுக்கினால் ஒருமுறையாவது சரியான எட்டு அகப்படும் என்று 99 விழுக்காடு உறுதி சொல்லலாம். சரியானவை ஐந்தில் ஒரு பங்குதான் என்றால் அதே உறுதிக்கு ஏறத்தாழ 18 லட்சம் முறை வேண்டும். முதல் கட்டத்திலேயே கெட்ட பொருத்தங்களைக் களைவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த எண்களே விளக்கம்.

வடிவியல் சோதனைக்கு வேறொரு பயனும் உண்டு. கைதேர்ந்த நகல் ஒன்று ஒவ்வொரு பகுதியிலும் அசலை ஒத்திருக்கலாம். ஆனால் முழங்கைக்கும் பீடத்துக்கும், தோளுக்கும் திருவாசிக்கும் உள்ள இடைவெளிகள் எல்லாவற்றையும் கையால் அப்படியே கொண்டுவருவது மிகக் கடினம். விகிதங்களில் சிறு பிசகு சேரச் சேர, ஒரே பொருளுக்கு உரிய வடிவியல் உறவு குலைந்துவிடும்.

உலோகம் தரும் தொல்லை

கட்டட முகப்புகளிலும் புத்தக அட்டைகளிலும் சிறப்பாக வேலை செய்யும் இந்த முறைகள் செப்புத் திருமேனியிடம் திணறுகின்றன. முதற்காரணம் பளபளப்பு. உலோகத்தின்மேல் தெரியும் ஒளித்திட்டு சிலைக்குச் சொந்தமில்லை. விளக்கும் கேமராவும் நகர்ந்தால் அதுவும் நகரும். கணினியோ அந்தத் திட்டின் விளிம்பைக் கூர்மையான அடையாளப் புள்ளி என்று எடுத்துக்கொள்ளும். அடுத்தது கோணம். முப்பரிமாணப் பொருள் சுமார் 30 டிகிரிக்கு மேல் திரும்பினால் சிஃப்ட் போன்ற முறைகளின் நம்பகம் விரைவாகக் குறைகிறது. புதுச்சேரித் தொகுப்பில் ஒரு திருமேனிக்கு நேர்முகப் படம் ஒன்றுதான் இருக்கிறது, ஏலப் பட்டியலில் பக்கவாட்டுப் படம் வந்திருக்கிறது என்றால் ஒப்பிட இரண்டுக்கும் பொதுவான பரப்பு மிகக் குறைவு. பழைய படம் கறுப்பு வெள்ளை என்பதால் நிறத்தின் உதவியும் கிடையாது. களிம்பைச் சுரண்டி மெருகேற்றிய சிலையில் மேற்பரப்பின் நுண்ணமைப்பே மாறிவிட்டிருக்கும்.

தொகுப்பின் அளவு தனிச் சிக்கல். ஒன்றரை லட்சம் படங்களுடன் ஒவ்வொன்றாக ஒப்பிடுவது வீண் உழைப்பு. 2003இல் யோசஃப் சிவிச்சும் ஆண்ட்ரூ சிஸ்ஸர்மனும் ஆக்ஸ்ஃபோர்டில் இதற்கு நூலகவியலிலிருந்து வழி எடுத்தார்கள். ஒத்த சாதகங்களைத் தொகுத்து ஒவ்வொரு தொகுதியையும் ஒரு ‘காட்சிச் சொல்’ ஆக்கி, புத்தகத்தின் சொல்லடைவுபோல் எந்தச் சொல் எந்தப் படத்தில் வருகிறது என்று பட்டியலிட்டார்கள். எல்லாப் படங்களிலும் வரும் சொல்லுக்கு எடை குறைவு, சில படங்களில் மட்டும் வரும் சொல்லுக்கு எடை மிகுதி.

2012க்குப் பிறகு ஆழ்கற்றல் வலையமைப்புகள் இந்தத் துறையைப் பெருமளவு மாற்றிவிட்டன. எந்தக் கூறுகளை எடுப்பது என்று மனிதர் விதிக்காமல், லட்சக்கணக்கான படங்களிலிருந்து வலையமைப்பே கற்றுக்கொள்கிறது. ஆனால் எதற்காகக் கற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நடராஜர்’ என்று பெயர் சொல்லப் பழக்கிய வலையமைப்பு, ஒரு நடராஜருக்கும் மற்றொரு நடராஜருக்கும் உள்ள வேறுபாட்டைப் புறக்கணிக்கவே பழகியிருக்கும். ஒடிந்த சுடர் அதற்கு இரைச்சல். சிலை தேடுபவருக்கோ அந்த இரைச்சல்தான் செய்தி. தனிப்பொருளை அடையாளம் காண வேறு பயிற்சி தேவை: ஒரே பொருளின் இரண்டு படங்களை நெருக்கமாகவும், ஒத்த தோற்றமுள்ள வேறு பொருளின் படத்தைத் தொலைவாகவும் வைக்கும்படி வலையமைப்பைத் திருத்துவது. கையெழுத்துகளைச் சரிபார்க்க 1993இல் பெல் ஆய்வகத்தில் உருவான இரட்டை வலையமைப்பு இவ்வகையின் முன்னோடி. புள்ளிகளைப் பொருத்துவதையே கற்றுக்கொள்ளும் ‘சூப்பர்குளூ’ போன்ற முறைகள் 2020இல் வந்தன. ஒவ்வொரு புள்ளியும் மற்றப் புள்ளிகளைக் கருத்தில் கொண்டு தன் இணையைத் தேடுவதால், ஒரேமாதிரி அலங்காரங்கள் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் இவை பழைய முறைகளைவிட நன்றாகச் செயல்படுகின்றன. பொதுவாக வேலையை இரண்டாகப் பிரிப்பதே நடைமுறை: விரைவான முறை சில டசன் படங்களைப் பொறுக்கித் தரும், நுணுக்கமான வடிவியல் சோதனை அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கும். இறுதி முடிவு படிமவியல் அறிந்தவரிடம் இருப்பதே நியாயம். பழுது பார்த்த முறிவை முறிவு என்று படிக்க, பழுது பார்க்கும் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

பொருத்தம் சான்றாவது எப்போது

மூன்று அடையாளங்கள் பொருந்துகின்றன. ஒவ்வொன்றும் நூறு சிலைகளில் ஒன்றில்தான் தற்செயலாக வரக்கூடியது என்று வைத்துக்கொண்டால், மூன்றும் சேர்ந்து தற்செயலாக வர வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. இந்தப் பெருக்கல் செல்லுபடியாக வேண்டுமானால் மூன்றும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். ஒரே பட்டறையின் கைப்பழக்கத்தால் வந்த மூன்று ஒற்றுமைகளைப் பெருக்கக் கூடாது. அவை உண்மையில் ஒரே ஒற்றுமை. குழி, முறிவு, கீறல் போன்ற விபத்துகள் பெரும்பாலும் தனித்தனியே நேர்பவை. அப்படித் தனித்தனியே நேர்ந்தவற்றைப் பெருக்கலாம்.

படமே இல்லாத இடத்தில் வேறு கூறுகள் கைகொடுத்ததுண்டு. தஞ்சைப் பகுதியின் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்துக் கடத்தப்பட்ட நடராஜர் குறித்து லண்டன் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், சிலைமேல் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடயங்களும்கூட ஆராயப்பட்டன. 1991இல் அந்தத் திருமேனி தமிழ்நாடு திரும்பியது.

படம் இருக்கும்போது சான்றின் பாதி அதன் குறிப்பில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் சோதபி ஏலத்தில் ஒரு திருமங்கையாழ்வார் திருமேனியை வாங்கியது. அதே திருமேனி கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள் கோவில் சௌந்தரராஜப் பெருமாள் ஆலயத்தில் இருப்பதைக் காட்டும் 1957ஆம் ஆண்டுப் படம் புதுச்சேரித் தொகுப்பில் இருப்பதை ஓர் ஆய்வாளர் கண்டார். அருங்காட்சியகமே 2019இல் இந்தியாவுக்குத் தகவல் தந்தது. உருவப் பொருத்தம் ‘இது அந்தச் சிலை’ என்று சொன்னது. ஊரும் ஆண்டும் எழுதிய குறிப்பு ‘1957இல் இது கோயிலில்தான் இருந்தது’ என்று சொன்னது. தொல்பொருள்களை உரிமமின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோவதை 1947ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்ததால், அந்த ஆண்டு எண்ணுக்குத் தனி வலிமை உண்டு. 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் சிலையைத் திருப்பித்தர ஒப்புதல் அளித்தது.

இன்று கோயில் திருமேனிகளைப் பதிவு செய்பவர்களுக்குப் பொருத்தல் மாதிரிகள் தெளிவான வேலைத்திட்டம் தருகின்றன. நேர்முகப் படம் ஒன்று போதாது. 30 டிகிரிக்கு மிகாத இடைவெளியில் சுற்றிலும் படம் வேண்டும். அலங்காரம் களைந்த நிலையில், பரவலான மென்மையான ஒளியில், அளவுகோலுடன் எடுக்க வேண்டும். முதுகும் பீடத்தின் அடிப்புறமும் அவசியம். மெருகேற்றுபவர் கை அதிகம் படாத இடங்கள் அவை. 1997இல் கெட்டி அறக்கட்டளையின் முயற்சியில் உருவாகி, இன்று உலக அருங்காட்சியகங்களும் காவல் துறைகளும் பயன்படுத்தும் ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்னும் பதிவு முறையில், பொருளின் வகை, அளவு, செய்பொருள் ஆகியவற்றோடு தனித்த அடையாளங்களுக்கென்றே ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கீறல், முறிவு, பழுது பார்த்த இடம், வார்ப்புக் குறை ஆகியவற்றை அந்தக் கட்டத்தில் சொல்லால் எழுத வேண்டும். அவற்றை மிக அருகிலிருந்து தனியே படமெடுக்கவும் வேண்டும்.